கணப்பு மேசைக்குள் நாற்பது கிண்ணங்கள்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். போன டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி எங்கள் வீட்டில் அது சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது.

அன்று நானும் மகள் மினோரியும் புத்தாண்டுச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தோம். வருஷக் கடைசியில் வீட்டை மூலை முடுக்கு விடாமல் துடைத்தாக வேண்டும். பழைய வருஷத்து அழுக்கோடு புது வருஷத்தை உள்ளே விட்டால் அதிர்ஷ்டம் வாசலோடு திரும்பிவிடும். நாலு நாளாகத் துடைத்துத் துடைத்து என் முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. கொட்டகை மட்டும்தான் பாக்கி. "அதை நான் பாத்துக்கறேம்மா, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றான் மருமகன் யோஹெய். நானும் நிம்மதியாகத்தான் போனேன்.

திரும்பி வந்தபோது முற்றமெல்லாம் தண்ணீர். ஓரத்தில் அது உறைய ஆரம்பித்திருந்தது. நடுவில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் பிரஷர் வாஷர் குழாயோடு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி யோஹெய் நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக விதைக்கிழங்கு டிரேக்கள். ஒவ்வொரு கிழங்கும் அவித்து உரித்த முட்டை போலப் பளபளத்தது.

"அம்மா, பாத்தீங்களா? ஒரு பொட்டு மண்ணு இல்ல. நூத்தி முப்பத்திரண்டு டிரே! உள் பக்கம் மேல் தட்டுல ஆறு டிரே மட்டும் நிக்குது, டேங்க்ல தண்ணி தீர்ந்துபோச்சு."

என் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அதில் இருந்த சோயா சாஸ் பாட்டில் உடைந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

எங்கள் பிழைப்பு கொன்னியாக்கு. சேனை ஜாதிக் கிழங்கு, சேனை போலவே கையில் பட்டால் அரிக்கும். வசந்தத்தில் விரல் பருமன் குட்டியை நடுவோம், பனி விழுவதற்கு முன் தோண்டி எடுத்துக் குளிர் முழுக்கக் கொட்டகையில் காப்போம், மறுபடி நடுவோம். இப்படி மூன்று தடவை மண்ணுக்குள் போய் வந்தால்தான் மாவு ஆலைக்கு அனுப்புகிற பருமன் வரும். ஆக, அந்த டிரேக்களில் இருந்தது வெறும் கிழங்கு இல்லை. அடுத்த மூன்று வருஷச் சாகுபடி முழுவதும் அதுதான்.

அந்தக் கிழங்கின் மேல் தோண்டி எடுத்த நாளிலிருந்து நடுகிற நாள் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. காய்ந்த மண்தான் அதற்குச் சட்டை. எங்கள் மலையில் நடை பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும். யாருமே செய்யமாட்டார்கள் என்பதால் 'செய்யாதே' என்று அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பத்து மாசத்துக்கு முன்பு வரை அவன் யோகோஹாமாவில் ஒரு ஜாம் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே பழம் உள்ளே வந்ததும் முதல் காரியம் கழுவுவதாம்.

"டேய்!" என்றேன்.

அதுவரை அவனை 'மாப்பிள்ளை, நீங்க' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அன்றோடு அந்த மரியாதை போனது போனதுதான்.

"யாருடா உன்னைக் கழுவச் சொன்னது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கே! விதைடா அது, விதை! குளிப்பாட்டிப் பவுடர் போட அதென்ன உன் புள்ளையா?"

அவன் குழாயைக் கீழே வைத்தான். "அழுக்குலதானே கிருமி இருக்கும்... கழுவினா அழுகாதுன்னு..."

"அழுகாதா? தோலை உரிச்சுத் தண்ணியும் ஊத்தி வெச்சிருக்கே. விருந்து வெச்சு வெத்தலை பாக்கும் கொடுத்திருக்கே அந்த அழுகலுக்கு!"

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் கிசாகு வெளியே வந்தார். கன்னத்தில் போர்வை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.

"மோட்டார் சத்தம் கேட்டுது. டிராக்டரைக் கழுவறான், நல்ல புள்ளைன்னு நெனச்சேன்" என்றார்.

"நீங்க நெனச்சுக்கிட்டே தூங்குங்க. இவன் கழுவிக்கிட்டே இருக்கட்டும். இவனை நம்ம பேருக்கு எழுதிக்கறதுக்கு முன்னாடி நான் யோசிச்சிருக்கணும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்களுக்கு மகன் இல்லை. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மகளின் புருஷனையே மகனாகத் தத்தெடுத்து, குடும்பப் பெயரைக் கொடுத்து, நிலத்தையும் கொடுப்பது எங்களிடம் உண்டு. வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். மூன்று படி தவிடு சொந்தமாக இருந்தால்கூட வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகாதே என்று ஒரு பழமொழியே இருக்கிறது. அதையெல்லாம் கேட்டும் வந்தவன் அவன். தத்துப் பத்திரம் எழுதி அலமாரியில் தயாராக இருந்தது. ஜனவரி இரண்டாம் தேதி அவன் அப்பா அம்மா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம்.

மினோரி என்னை முறைத்தாள். யோஹெய்க்குக் கை முழுக்க அரித்து ரத்தச் சிவப்பாக இருந்தது, சொறியாமல் நின்றான்.

விவசாய ஆலோசனை அலுவலகத்துக்கு போன் போட்டேன். நாலாம் தேதிதான் திறப்போம் என்று பதிவு செய்த குரல் சொன்னது. தோண்டியதும் கிழங்கை உலர்த்துகிற சூட்டுக் காற்று மிஷின் இருக்கிறது, ஆனால் அதன் பர்னரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருந்தோம். கடைக்காரனுக்கும் விடுமுறை. வெளியே எங்கள் ஊர்க் காற்று, துணியை அரை மணியில் உலர்த்துகிற காற்று, சும்மா அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது உறைபனிக் காற்று. அதில் வைத்தால் கிழங்கு அழுகுவதற்கு முன்பே விறைத்துச் செத்துவிடும்.

"வீட்டுக்குள்ள கொண்டு போயிடலாம்" என்றார் கிசாகு.

"நாலு நாள் துடைச்ச வீட்டுலயா?"

"துடைச்ச வீடுதானே காலியா இருக்கு."

இந்த மனிதர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் உருப்படியாகப் பேசுவார். அன்று பேசினார்.

அன்று பொழுது சாயும் வரையும் மறுநாள் பகல் முழுவதும் நாங்கள் நாலு பேரும் சுமந்தோம். புதுப் பாய் போட்ட விருந்தினர் அறை, சாமி அறை, நடு ஹால், மினோரியின் படுக்கையறை என்று எங்கும் செய்தித்தாள் விரித்துக் கிழங்கைப் பரப்பினோம். ஒன்றோடு ஒன்று உரசக் கூடாது, ஒன்றன் மேல் ஒன்று கிடக்கக் கூடாது. இருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாவற்றையும் ஏற்றி, வெயில் காலத்து ஃபேன்களைப் பரணிலிருந்து இறக்கினோம். வெளியே முற்றம் ஐஸாக இருந்தது. உள்ளே கிசாகு பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார். சாமிக்கு வைத்த மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டை அடுக்கு சூட்டில் பாளம் பாளமாக வெடித்தது. எல்லோருக்கும் அரிப்பு. மினோரி வினிகரை வாளியில் ஊற்றி வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் கையை முக்கிக்கொண்டோம்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டை அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டோம், உட்கார இடமில்லை. யோஹெய் ஊடோன் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேய் அறைந்தவன் போல நிமிர்ந்தான்.

"அம்மா, இந்த அழுகல் எப்படி வருதுன்னு படிச்சேன். இது எனக்குத் தெரிஞ்ச சாமான்."

"தெரிஞ்சா கழுவுவியா?"

"இல்லம்மா, கேளுங்க. செடியோட உடம்பு செங்கல் சுவர் மாதிரி. செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவுல ஒரு பசை. பெக்டின்னு பேரு. ஜாம் கெட்டியாறது அதாலதான். கம்பெனில ஜூஸ் தெளியறதுக்கு ஒரு என்சைம் வாங்குவோம். ஆப்பிள் கூழுல ஒரு மூடி ஊத்தினா ஒரு மணி நேரத்துல தண்ணியா ஓடும். பசையை அறுத்துடும், செங்கல் எல்லாம் தனித்தனியாக் கழண்டுடும்."

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"இந்த அழுகலைக் கொண்டு வர்ற பாக்டீரியா அதே என்சைமைத் தானே செஞ்சு வெளியில கக்குது. பசையைக் கரைச்சு, சுவரை உடைச்சு, ஒழுகற சத்தைக் குடிக்குது. கம்பெனில நாங்க பாட்டில்ல வாங்கினதை இது சும்மாவே செய்யுதும்மா."

கிசாகு ஊடோனை உறிஞ்சிக்கொண்டே, "அந்த வருஷம் டிரேயில இருந்ததும் ஜூஸ்தான். தெளியலை, அவ்வளவுதான்" என்றார்.

அந்த வருஷம் என்றால் மினோரி நடுநிலைப் பள்ளியில் படித்த வருஷம். பிப்ரவரியில் ஒரு டிரேயைத் தூக்கினேன், அடியில் கஞ்சி ஒழுகியது. தோல் தோலாகவே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அந்த நாற்றத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாதி விதை போயிற்று. கிசாகு மூன்று வருஷம் லாரி ஓட்டினார்.

"இன்னொண்ணு படிச்சேன்" என்றான் யோஹெய். குரல் இறங்கியிருந்தது. "கொஞ்சம் பேரா இருக்கறப்போ அது ஒண்ணும் பண்ணாது. சாதுவா உக்காந்திருக்கும். ஒருத்தருக்கொருத்தர் சாடை சொல்லிக்கிட்டே இருக்குமாம். கூட்டம் சேர்ந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் எல்லாம் ஒரே நேரத்துல கக்கும். செடி முழிச்சுப் பாக்கறதுக்குள்ள சுவர் விழுந்துடும். அதனால வெளியில பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. விரல் உள்ள போற அன்னிக்குத்தான் தெரியும்."

"காயம் ஆறித் தோல் கட்டிட்டா?" என்றாள் மினோரி.

"கட்டிட்டா உள்ள போகாது. காயற இடத்துல தக்கை மாதிரி ஒரு தோல் வரும். அதை இதால அறுக்க முடியாது. யார் முந்தறாங்கங்கறதுதான்."

அப்படியென்றால் எங்கள் ஸ்டவ் முந்த வேண்டும். வேறு வழியில்லை. பிறகு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவன் மினோரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "விதை போச்சுன்னா நான் இந்தப் பேரை வாங்கிக்கக் கூடாது, மினோரி. அது நியாயமில்ல." அவள் என்ன பதில் சொன்னாள் என்பது கேட்கவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரிடமும் அதுவரை சொல்லாதது.

கழுவாமல் நின்ற அந்த ஆறு டிரே இருக்கிறதே, அது நான் வைத்தது. நவம்பர் கடைசியில் இரண்டு வரிசை மட்டும் தோண்ட மிச்சமிருந்தது. தூறல். "நிக்கட்டும், நாளைக்குத் தோண்டலாம்" என்று கிசாகு சொல்லிவிட்டுக் கூட்டுறவுக் கூட்டத்துக்குப் போனார். நாளைக்கு உறைபனி என்று ரேடியோவில் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகத் தோண்டினேன். மற்ற கிழங்கெல்லாம் மிஷினில் காய்ந்து முடிந்து உள்ளே போயாகிவிட்டது. ஆறு டிரேக்காகத் திரும்ப மிஷினை ஓட்டுவானேன் என்று ஈரத்தோடு தூக்கி, யார் கண்ணிலும் படாத உள் பக்கத்து மேல் தட்டில் வைத்தேன். காற்றில் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முற்றத்தில் நின்று அவனை நான் 'டேய்' என்றபோதே அந்த ஆறு டிரே எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இன்னும் உரக்கக் கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது மருமகளுக்கு மட்டும் எழுதிய கணக்கு இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் யோஹெய் தன் பழைய அட்டைப் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் பெக்டின் பவுடரை எடுத்தான். கம்பெனியை விட்டு வரும்போது கொண்டுவந்ததாம், எனக்கு ஜாம் செய்து தர. பால் பட்டால் இறுகுகிற வகை. அதைக் கொஞ்சம் சூப்போடும் பாலோடும் காய்ச்சி, வீட்டிலிருந்த புட்டிங் கிண்ணங்கள், சாக்கே மதுக் கிண்ணங்கள், மினோரியின் சின்ன வயசுப் பொம்மைக் கிண்ணங்கள் வரை சேர்த்து நாற்பது கிண்ணத்தில் ஊற்றினான். ஆறியதும் வழவழவென்று ஜெல்லியாக நின்றது.

"இது வெறும் பசை, சுவர் இல்லாத பசை" என்றான். "ஊசியைச் சுட்டு, கிழங்குல காயம் பட்ட இடத்துல சுரண்டி இது மேல தொட்டு வைக்கறேன். அந்த பாக்டீரியா இருந்தா ரெண்டு நாள்ல ஜெல்லியைக் கரைச்சுப் பள்ளம் தோண்டும். இல்லைன்னா மேல என்ன வளந்தாலும் பள்ளம் விழாது."

"கரையுதா இல்லையான்னே தெரியாத ஜெல்லியா இருந்தா?" என்று கேட்டார் கிசாகு.

யோஹெய் வேலியோரக் குப்பைக் குழிக்குப் போய், நான் இலையுதிர் காலத்தில் தூக்கியெறிந்த அழுகல் கிழங்கு ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்து வந்தான். "திருடன்னு தெரிஞ்சவன் ஒருத்தனை உள்ள விட்டுப் பாக்கறேன். நாய் குரைக்குதான்னு தெரிஞ்சுடும்." ஒரு கிண்ணம் அதற்கு. நாலு டிரேக்கு ஒன்றாகக் கழுவியதற்கு முப்பத்து மூன்று கிண்ணம்.

"மிச்சம் ஆறு. கொட்டகையில இருக்கற ஆறு டிரேக்கும் ஒவ்வொண்ணு" என்றான்.

"அது எதுக்கு? அதுலதான் நீ கைய வைக்கலையே! கழுவாத கிழங்குக்கு என்ன கேடு?" என்றேன்.

"அதனாலதாம்மா வேணும். கழுவாதது எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கழுவினதால என்ன ஆச்சுன்னு சொல்ல முடியும்?"

"வேஸ்ட்டு."

"இருக்கட்டும்மா."

'சரிம்மா' என்றுதான் அதுவரை எதற்கும் சொல்லியிருக்கிறான். அன்று 'இருக்கட்டும்மா' என்றுவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. தடுத்தால் சந்தேகம் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கிண்ணங்களுக்குக் கதகதப்பு வேண்டும், ஆனால் ஸ்டவ் பக்கத்துச் சூடு ஆகாது. எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கணப்பு மேசைதான். அடியில் சின்னக் கணப்பு, மேலே போர்வை, அதற்குள் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரிப்பதுதான் புத்தாண்டு என்பதே. நடு ஹாலில் அதற்கு மட்டும் இடம் ஒதுக்கி, நாற்பது கிண்ணத்தையும் அதற்குள் வைத்தோம். போர்வை மேல் யோஹெய் ஒரு சீட்டு ஒட்டினான்: 'கால் நீட்டக் கூடாது.' கிசாகு அதைப் படித்துவிட்டுத் தன் வாழ்க்கையின் கடைசி சந்தோஷமும் போய்விட்டது போல உட்கார்ந்திருந்தார். ஆண்டின் முதல் நாள் முழுவதும் நாங்கள் நாலு பேரும் மேசையைச் சுற்றிக் காலை மடக்கி உட்கார்ந்து, அந்தப் போர்வையையே பார்த்தோம். யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. நான் ஒரே ஒரு தடவை ஓரத்தைத் தொட்டேன். மினோரி என் கையில் ஒரு அடி வைத்தாள்.

இரண்டாம் தேதி பதினோரு மணிக்குச் சம்பந்திகள் வந்தார்கள். சம்பந்தியம்மா அழகான சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தார். வாசல் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே மண் வாடை, அறைக்கு அறை கிழங்கு, நடுவே பனியனும் டையுமாக என் வீட்டுக்காரர். டை கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன், சட்டையையும் சேர்த்துச் சொல்லாதது என் தப்பு.

"வாங்க, கிழங்கை மிதிச்சுடாம வாங்க" என்றேன்.

உட்காருவதற்கு முன்பே யோஹெய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சம்பந்தியம்மாவின் முகம் வெளுத்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் கிழங்குகளுக்கு நடுவே மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார். "எங்க புள்ளை உங்க வீட்டுக்கு இப்படியொரு..." என்று ஆரம்பித்தார். "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"நேரமாச்சு" என்றான் யோஹெய். போர்வையை மடித்துவிட்டுக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக மேசை மேல் வரிசையாக வைத்தான்.

முதலில் திருடன் கிண்ணம். ஜெல்லியின் நடுவில் கட்டைவிரல் அளவு குழி, குழிக்குள் தண்ணீர். நாய் குரைத்துவிட்டது. சம்பந்தி ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

அடுத்து ஒன்று. வழவழ. மேலே வெள்ளையாகச் சின்னப் பொட்டு, பள்ளம் இல்லை. இரண்டு. இல்லை. மூன்று, நாலு, ஐந்து. மினோரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்தைத் தாண்டியபோது கிசாகு எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்து மூன்று. ஒன்றில்கூடப் பள்ளம் இல்லை. மினோரி 'ஹா' என்று ஒரு சத்தம் போட்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஸ்டவ் முந்திவிட்டது.

மிச்சம் ஆறு கிண்ணம். யோஹெய் முதல் கிண்ணத்தை எடுத்தவன் அப்படியே நின்றான். குழி. அடுத்தது, குழி. ஆறில் நாலு, ஊசி தொட்ட இடத்தில் கரைந்து பள்ளமாகிக் கிடந்தது.

டிரே எண் எழுதிக் கிண்ணங்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காது சிவந்தது.

"இது கழுவாத ஆறு டிரே... இருக்க முடியாதே. தண்ணியே படாத கிழங்கு இது. நான்... நான் சீட்டை மாத்தி ஒட்டிட்டேன் போல. அப்ப கழுவினதுலதான் இருக்கு. எதுலன்னு தெரியல." மேசையின் முன்னால் மண்டியிட்டான். "மன்னிச்சுடுங்க. இதையும் கெடுத்துட்டேன்."

சம்பந்தியம்மாவின் நெற்றி மறுபடி தரைக்குப் போனது.

நான் சும்மா இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவனே பழியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து கிடக்கிறான். ஆறு டிரேயை நான் சத்தமில்லாமல் குழியில் கொட்டிவிட்டால், இந்த மலையில் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இவன் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டான். செய்த தப்புக்காக இல்லை, செய்யாத தப்புக்காகப் போய்விடுவான்.

"சீட்டு சரியாத்தான் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சீட்டு சரியாத்தான் இருக்கு. அந்த ஆறும் நான் மழையில தோண்டினது. ஈரத்தோட உள்ள வெச்சேன். இவர் வேண்டாம்னு சொல்லியும் கேக்காமத் தோண்டினேன். கழுவினதுக்கு உன்னைத் திட்டினப்பவே எனக்கு இது தெரியும். சொல்லலை."

கிசாகு கண்ணைத் திறந்தார். "நீ எப்ப சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"நவம்பர்ல காஞ்சு கிடந்த உன் பூட்ஸ் நான் கூட்டம் முடிஞ்சு வந்தப்ப ஏன் நனைஞ்சிருக்குன்னு நான் யோசிக்கமாட்டேனா?"

யோஹெய் எழுந்து கொட்டகைக்கு ஓடினான். அந்த இடைவெளியில் சம்பந்தி மெதுவாகக் கேட்டார். "அந்த ஆறும் மேல் தட்டுலயா இருந்துது?"

"ஆமாங்க" என்றேன்.

"கீழ மத்ததெல்லாம்?"

"ஆமாங்க."

"அப்ப இவன் கீழ இருந்ததை எடுத்துக் கழுவாம விட்டிருந்தா..."

"பிப்ரவரியில மேல இருந்து ஒழுகியிருக்கும். தட்டுத் தட்டா" என்றார் கிசாகு. "எல்லாமே கஞ்சி."

அதற்காகக் கழுவியது சரி என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். விதையை யாராவது கழுவுவார்களா? ஆனால் அந்த நேரத்தில் நான் கணப்பு மேசை அருகே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போகவில்லை. விதை போகவில்லை. மூன்று வருஷமும் பத்திரமாகச் சுற்றிலும் பாயில் கிடந்தது. சம்பந்தியம்மா அப்போதுதான் கோட்டைக் கழற்றினார், வேர்த்துக் கொட்டியது பாவம்.

வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். யோஹெய் ஒரு டிரேயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். விரல் முழுசாக உள்ளே போனது. அந்த நாற்றம் வந்தது.

"அம்மா!" என்று கத்தினான். "ஈரக் கிழங்கை யாராவது உள்ள வெப்பாங்களா? அதுவும் மேல் தட்டுல! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேனே! நாலு நாளா என்னைப் போட்டு வறுத்து எடுத்தீங்களே, அப்ப இது மேல உக்காந்து பெருகிக்கிட்டு இருந்திருக்கு! இன்னும் ஒரு வாரம் போயிருந்தா அந்தத் தட்டையே கொளுத்தியிருக்கணும்! என்ன நெனச்சுக்கிட்டு வெச்சீங்க?"

"யோஹெய்!" சம்பந்தியம்மா பதறிப்போனார். "யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? காலைப் புடி!"

பத்து மாசம் எங்கள் வீட்டில் குனிந்த தலை நிமிராமல் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், முகம் சிவக்க, கையில் அழுகிய கிழங்கோடு நின்று என்னைத் திட்டுகிறான். என் விதை என்று திட்டவில்லை, உங்கள் விதை என்றும் திட்டவில்லை. நட்டமானால் தனக்கு வலிக்கும் என்பது போலத் திட்டினான். என் அம்மா செத்த பிறகு என்னை அப்படி யாரும் திட்டியதில்லை. மனசு அப்படியே லேசாகிவிட்டது.

"விடுங்க சம்பந்தியம்மா" என்றேன். "அவன் வீடு, அவன் விதை. திட்டட்டும்."

அவனும் விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் திட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டு, "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.